குறை சொல்கிறவள்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் இன்றுவரை புள்ளி எடுத்திருக்கிற ஒரே பெண் லெல்லா லொம்பார்டி. எடுத்தது அரைப் புள்ளி. இத்தாலியில் ஒரு கறிக்கடைக்காரரின் மகள். கடையின் வண்டியை ஓட்டியே கை பழகியவர். 1975 ஏப்ரலில் பார்சிலோனாவின் மொன்ட்யூயிக் மலைச்சாலையில் நடந்த ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். அந்தப் பந்தயமே ஒரு வேலைத்தரச் சண்டையில்தான் தொடங்கியது. சாலையோர இரும்புத் தடுப்புகளில் போல்ட் ஒழுங்காக முடுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்கள் காரில் ஏற மறுத்தார்கள். கடைசியில் அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போய் முடுக்கினார்கள். கென் டிரெல் என்ற அணி முதலாளியும் அவர்களோடு போனார். முந்தைய ஆண்டின் சாம்பியன் ஃபிட்டிபால்டி, பயிற்சியில் பெயருக்கு மெதுவாகச் சுற்றிவிட்டு விலகிக்கொண்டார். பந்தயத்தின் நடுவில் ஒரு காரின் பின்னிறக்கை முறிந்து, கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து, நின்றிருந்தவர்கள் செத்துப்போனார்கள். பாதியில் நிறுத்தியதால் புள்ளியும் பாதி.

அரைப் புள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அவர் ஓட்டியது மார்ச் என்ற இங்கிலாந்துப் பட்டறையின் கார். வளைவுகளில் கார் திருப்பியபடி திரும்புவதில்லை, ஏதோ சரியில்லை என்று அந்தப் பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறை அதை ஓட்டுகிறவரின் குறையாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவருடைய இடத்துக்கு ரோனி பீட்டர்சன் வந்தார், சுவீடன்காரர், பெரிய ஓட்டுநர். லொம்பார்டி ஓட்டிய காரை ஓட்டிவிட்டு, லொம்பார்டி சொன்னதையே சொன்னார். பிரித்துப் பார்த்தார்கள். பின்பக்கத்து மக்னீசியம் வார்ப்பில் விரிசல். அந்தக் காரை வடிவமைத்த ராபின் ஹெர்டே பின்னாளில் சொன்ன கதை இது.

எனக்கு இதைச் சொன்னவள் என் அண்ணன் மகள். சொன்ன நேரத்தில் அவள் கையில், பழைய துவர்த்தில் சுற்றிய ஒரு பிஸ்டன் இருந்தது.

அவள் கோவையில் இயந்திரவியல் படிக்கிறாள். கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து ஓட்டிக் காட்டுகிற ஃபார்முலா பாரத் போட்டி வழக்கமாக சனவரியில் கோவை செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும். மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டி, நடுத்தர வசதிக்காரர்களும் பந்தயம் ஓட்ட வழி செய்த கரிவர்தன் பெயரில் உள்ள களம் அது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். இந்த மாணவர் போட்டியில் எனக்குப் பிடித்தது, கார் ஓடினால் மட்டும் போதாது என்பதுதான். நடுவர்கள் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, இது ஏன் இந்தக் கனம், இது ஏன் இந்த இடத்தில் என்று கேட்பார்கள். கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள் என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும். ஏன் என்று கேட்கிறவரை எரிச்சலோடு பார்க்காத ஓர் இடம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளே இப்போது அப்படி இல்லை.

அணியில் 23 பேர். 4 பேர் பெண்கள். இவள் அணித்தலைவி. பைக்கிலிருந்து எடுத்த ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஒன்றைப் பழையதாக வாங்கி, கோவைப் பக்கம் பந்தய என்ஜின் வேலை செய்கிற ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் இறக்கி, புது பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் போட்டுத் தர வேண்டும். கூலியும் சாமானுமாக 28,000 ரூபாய். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணம். என்ஜின் வந்தது, பொருத்தினார்கள், கல்லூரி மைதானத்தில் மூன்றாம் நாள் ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பட்டறைப் பேச்சில், சீஸ் ஆகிவிட்டது.

மறுநாள் பட்டறைக்குப் போனாள்.

“என்ஜினைச் சூடாக்காம முறுக்கியிருப்பீங்க கண்ணு.”

இல்லை, தண்ணீர் 80 டிகிரிக்கு வந்த பிறகுதான் வேகம் கூட்டினோம், காரிலேயே பதிவாகியிருக்கிறது என்று மடிக்கணினியைத் திறந்திருக்கிறாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. சரி, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் எவ்வளவு இடைவெளி வைத்தீர்கள், அந்த அளவையாவது சொல்லுங்கள் என்றிருக்கிறாள்.

“அதெல்லாம் கைக்கணக்குங்க கண்ணு. முப்பது வருசமா இதுதான் பண்றோம். பசங்க யாராச்சும் இருந்தா அனுப்பிவிடு, பேசிக்கலாம்.”

இதுவரைக்கும் நமக்கு எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஸ்கூட்டியில் சத்தம் வருகிறது என்று சொல்லப் போனால், ‘சார் வரலையா மேடம்’ என்று கேட்காத இடம் எது? இதற்குப் பிறகு நடந்ததுதான் அவளைத் தூங்க விடாமல் செய்தது. அணியில் இரண்டு பையன்கள் வேறொரு சாமான் வாங்க அதே பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேச்சுவாக்கில் சொன்னாராம்: “லேத்துல போர் போட்ட பையன் புதுசுப்பா. கொஞ்சம் டைட்டா வெச்சுட்டான்னு நெனைக்கிறேன். கொண்டாங்க, சரி பண்ணிக்கலாம். அந்தப் புள்ளகிட்ட இதைச் சொன்னா எழுதிக் குடு, கையெழுத்துப் போடுன்னு உசுர வாங்கும்.”

உண்மை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லவும் அவருக்குத் தடையில்லை. கேட்டவளிடம் சொல்லவில்லை, கேட்காதவனிடம் டீயோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பையன்கள் நல்ல பிள்ளைகள். சிரித்துக்கொண்டேதான் வந்து சொல்லியிருக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்ததே, இன்னும் என்ன என்பது அவர்கள் கேள்வி. நீ போனா சண்டையாகுது, நாங்க பாத்துக்கிடுதோம் என்றும் ஒருவன் சொல்லியிருக்கிறான், அவன் நம்ம பக்கத்துப் பையன்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது சிலிண்டரையும் பிஸ்டனையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். திருநெல்வேலியில் இறங்கி, திருச்செந்தூர் ரயில் பிடித்து, ஆறுமுகநேரி நிலையத்தில் அவள் இறங்கியபோது பலகாரப் பொட்டலத்தைவிட அந்தப் பைதான் கனமாக இருந்தது. அண்ணனுக்கு அதைப் பார்த்ததுமே கோபம். “சனவரிக்கு ரெண்டு மாசங்கூட இல்ல. அவன் சரி பண்ணித் தாரேங்கான், வாங்கிட்டுப் போவியா, நியாயம் பேசிக்கிட்டு இருப்பியா?” அண்ணன் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் திரும்பவும் அதே கைக்கணக்கில் செய்து கொடுத்தால் திரும்பவும் பிடிக்கும், அப்போது போட்டிக்கு நாலு நாள்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு.

எங்கள் ஊரில் இரும்பைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். உப்புக் காற்று சொல்லித்தந்துவிடும். சன்னல் கம்பி, சைக்கிள் ரிம், மோட்டார் பம்பு, எதுவும் மற்ற ஊர்களில் உழைக்கிற ஆண்டுகள் இங்கே உழைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் தண்ணீரில் கிடக்கும்போது உப்பு லாரிகளுக்கு ஓட்டமில்லை. அப்போதுதான் என்ஜினை இறக்கி வேலை பார்ப்பார்கள். அந்த லாரிகளையே நாற்பது வருடமாகப் பார்த்துவருகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனோம், அண்ணன், நான், அவள்.

அண்ணாச்சி பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றினார். “நாலு மூலையிலயும் கடிச்சிருக்கு,” என்று அண்ணனிடம் சொன்னார். பிஸ்டனின் குறுக்கே ஓடுகிற பின்னைத் தாங்குகிற பக்கங்களில் உலோகம் தடிப்பு. சூடானால் அங்கேதான் அதிகம் விரியும். அதனால் அந்தப் பின்னுக்கு இரண்டு பக்கமும் ஆக நாலு இடத்தில் உரசிய தழும்பு விழும். அது எதனால் என்று இவள் கேட்டாள். “ஒண்ணு, சூடாகுமுன்னே முறுக்கியிருக்கணும். இல்லன்னா போர் டைட்டா இருக்கணும்.” பதிலும் அண்ணனுக்குத்தான். தழும்பை வைத்து இரண்டில் எது என்று பிரிக்க முடியுமா? “முடியாது. அளந்துதான் பாக்கணும்.” இதுவும் அண்ணனுக்கு. என் அண்ணன் உப்பு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். பிஸ்டனை அன்றுதான் முதன்முதலில் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார். சிலிண்டரில் எந்த இடத்தில் அளப்பீர்கள், ரிங் உரசிய இடத்தில் அளந்தால் தேய்மானமும் சேர்ந்து வருமே என்று அவள் கேட்டபோதுதான் அண்ணாச்சி முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அதற்கப்புறம் அண்ணன் அங்கே இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ரிங் எட்டாத அடிப்பகுதியில் போர் கேஜை இறக்கினார்கள். பிஸ்டனைத் தழும்பில்லாத இடத்தில் மைக்ரோமீட்டரால் பிடித்தார்கள். அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள், பிறகு இவள் அளக்க அவர் சரிபார்த்தார். பிஸ்டனோடு வந்த தாளில் இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று போட்டிருந்தது: ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் 4 முதல் 5 பங்கு. இங்கே 2 பங்குகூட இல்லை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 7 பங்கு இருக்கும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் நடந்த தப்பு.

“போர் போட்ட சூட்டோட அளந்திருப்பான்,” என்றார் அண்ணாச்சி. வெட்டும்போது இரும்பு சூடாகி விரிகிறது. அப்போது அளந்தால் சரியாகத்தான் காட்டும். ஆறினதும் சுருங்கி இறுகிவிடும். ஆற வைத்து அளக்கப் பொறுமை வேண்டும். வேறொன்றும் சொன்னார். “டைட்டா இருந்தாத்தான் நல்ல வேலைன்னு வண்டி கொண்டுவாரவனே சொல்லுவான். கொஞ்சம் லூசா வச்சா, என்ன அண்ணாச்சி சத்தம் வருதுன்னு வந்து நிப்பான். மெக்கானிக்கு யாருக்குன்னு வேலை பாப்பான்?” அவருடைய தொழிலை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கிளம்பும்போது, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த எண்ணெ வேலை என்று அண்ணனிடம் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும்.

கைக்கணக்கு என்ற சொல் என் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் ரவிக்கை தைக்கிறாள். வீட்டுத் தார்சாவில் ஒரு மிசின், ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரியில் நீளவாக்கு நோட்டுகள் இருக்கின்றன. தெருவில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கை சுற்றளவு, முன்கழுத்து, பின்கழுத்து, எடுத்த தேதி. பிள்ளை பெற்ற வருடம், கர்ப்பப்பை எடுத்த வருடம், மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து திரும்பிய வருடம், எல்லாம் அந்த அங்குலங்களில் தெரியும். யாராவது வந்து, ‘ஏட்டி, பிடிக்குது, மூச்சு விட முடியல’ என்று தூக்கிப் போட்டால் அவள் பதில் பேசுவதில்லை. நோட்டை எடுப்பாள், ரவிக்கையை அளப்பாள், ஆளை அளப்பாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். அவள் கையில் என்றால் காசில்லாமல் பிரித்துத் தைப்பாள். அதற்கென்றே உள்ளே துணி விட்டிருப்பாள். நம் உடம்பில் என்றால் அதற்கு ஒரு சிரிப்பு, அதற்குத் தனிக் கூலி.

முப்பது வருட அனுபவமுள்ள பந்தயப் பட்டறையில் இல்லாத அந்த நோட்டு இவளிடம் இருக்கிறது. ஆனால் இவளுடைய தார்சாவை யாரும் பட்டறை என்று சொன்னதில்லை. சும்மா வீட்டில் இருந்து தைக்கிறாள் என்பார்கள். கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்பார்கள். அதே ஆட்கள் பட்டறையில் 28,000 என்று சொன்னால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவார்கள். தப்பு வந்துவிடும் என்று எதிர்பார்த்து எழுதி வைக்கிறவளுக்குக் கைவேலைக்காரி என்று பெயர். தப்பே வராது என்று எழுதாமல் விடுகிறவர் நிபுணர்.

தமிழில் ‘குறை’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பொருளில் உள்ள பழுதும் குறை, அதைப் பற்றிச் சொல்வதும் குறை. மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிற நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் பெயரில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. ‘குறைபாடு’ என்றால் பழுது மட்டும், ‘குறை சொல்கிறாள்’ என்றால் பழுது பொருளை விட்டு இறங்கி சொல்கிறவள் மேல் ஏறிக்கொள்ளும். என் மாணவிகளிடம் ஒருமுறை, உங்கள் வீட்டில் ‘எப்பப் பார்த்தாலும் குறை சொல்வா’ என்று யாரைச் சொல்வார்கள் என்று கேட்டேன். அம்மா, ஆச்சி, மாமியார், நாத்தனார் என்று வந்தது. ஓர் ஆண் பெயர்கூட வரவில்லை. அவர்களுடைய தாத்தாமார்கள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளாதவர்களா? அதற்குப் பெயர் குறை சொல்வது இல்லை. ருசி தெரிந்தவர் என்று பெயர்.

ஆண் வாடிக்கையாளரைப் பட்டறைகள் மதித்துவிடுகின்றன என்றும் சொல்ல வரவில்லை. லம்போர்கினி கார்க் கம்பெனி பிறந்ததாகச் சொல்லப்படும் கதை தெரிந்திருக்கும். டிராக்டர் செய்து பணக்காரரான ஃபெருச்சியோ லம்போர்கினி, தான் வாங்கிய ஃபெராரியின் கிளட்ச் சரியில்லை என்று என்ஸோ ஃபெராரியிடம் போய்ச் சொல்ல, டிராக்டர்காரனுக்கு என் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற மாதிரி அவர் பேசி அனுப்பிவிட்டாராம். 1963இல் இவர் சொந்தமாகக் கார்க் கம்பெனி தொடங்கினார். நல்ல கதை. அவமானப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலை இருந்தால் கதை இப்படி முடியும். லொம்பார்டியிடம் என்ன இருந்தது? அடுத்த பந்தயத்துக்கும் அதே காரில்தான் ஏற வேண்டும்.

அண்ணன் மகளிடம் இருந்தது ஓர் எண். அதை வைத்துக் கடிதம் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். அவள் எழுதிய முதல் படி ஆங்கிலத்தில் நாலு பக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று மூன்று இடத்தில் இருந்தது. உங்கள் அனுபவத்தின் மேல் எங்களுக்குப் பெரும் மரியாதை உண்டு என்று இரண்டு இடத்தில். நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஓர் இடத்தில். விண்ணப்பம் எழுதும் பயிற்சித் தாள்களை இருபது வருடமாகத் திருத்துகிறேன். பையன்கள் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பார்கள். பெண்கள் ‘தாழ்மையுடன் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பார்கள், அதுவும் தங்களுக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்கு. அவளுடைய மன்னிப்புகளை ஒவ்வொன்றாக அடித்தோம். அடித்த பிறகு மிஞ்சியது ஒரு பக்கம். அதைத் தமிழில் எழுதினோம். என்ஜின் கொடுத்த தேதி, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, பிஸ்டன் தாளில் உள்ள அளவு, நாங்கள் அளந்த அளவு, அளந்த இடம், தண்ணீர்ச் சூட்டின் பதிவு. வேண்டுவது மூன்று: புது ஸ்லீவும் பிஸ்டனும் பட்டறைச் செலவில், போர் ஆறிய பிறகு எடுத்த அளவு எழுத்தில், அதில் கையெழுத்து.

சட்டத்தையும் ஒரு வரி சேர்த்தோம். மாணவிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை உரிய தரத்தில் இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. பட்டறை கோவையில் இருந்தாலும், புகார் கொடுக்கிறவர் தான் குடியிருக்கிற ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். ஆறுமுகநேரிக்காரிக்குத் தூத்துக்குடி போதும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதென்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை தோன்றி 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலைக்காரர் பக்கமும் சட்டம் இருக்கிறது. 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு: தன் உழைப்பையும் திறமையையும் செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவர், கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமே தருகிற உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரம். அடுத்த உதாரணம் தையல்காரர். அதில் தையல்காரர், கூலியை மூன்று மாதம் கழித்துத் தந்தால் போதும் என்று துணி கொடுத்தவருக்குக் கடன் ஒப்புக்கொண்டிருப்பார். அதனால் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று வரும். சட்டப் புத்தகத்திலும் தையல்காரருக்குத்தான் கடன் சொல்லியிருக்கிறார்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பட்டறைக்காரர் கூப்பிட்டார், என் அண்ணனை. கடிதத்தில் அண்ணனுடைய எண் எங்கேயும் இல்லை. எப்படிக் கிடைத்தது என்று பிறகு விசாரித்தோம், டீ குடித்த பையன்களில் ஒருவன் கொடுத்திருக்கிறான். “உங்க பொண்ணு லெட்டரெல்லாம் போட்டிருக்குதுங்க. படிக்கிற புள்ள, வெவரம் தெரியல. நாம பெரியவங்க பேசிக்கலாமுங்க.” அண்ணன் சரிங்க சரிங்க என்று கேட்டுவிட்டு, பாதிச் செலவை அவர் ஏற்பது, மீதியைப் பிள்ளைகள் ஏற்பது என்று இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். எழுத்து, கையெழுத்து எதுவும் பேச்சில் வரவில்லை.

அன்று ராத்திரி கோவைக்கும் ஆறுமுகநேரிக்கும் நடுவில் ஒரே சண்டை. ரெண்டு வார்த்தையில் முடிந்துவிட்டதே என்கிறார் அண்ணன், பெருமையாக. அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் ஒரு மாதமாக அவரிடம் கேட்டேன் என்கிறாள் அவள். “அப்பா, பாதி எதுக்கு? பாதித் தப்பு யாரோடது?” அண்ணனிடம் அதற்குப் பதில் இல்லை. சமாதானத்தில் பாதி என்பது வழக்கம், அவ்வளவுதான். பாகப்பிரிவினையில் பெண்பிள்ளைகளுக்குப் பேசி முடிக்கிற தொகைகளும் இப்படித்தான் முடிவாகின்றன. யாரும் எதையும் அளப்பதில்லை.

மறுநாள் அவளே பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று முழுக்கச் சொல்லவில்லை. லேத் பையனைக் கூட்டிவரச் சொன்னாளாம். அவன் எதிரில், ஆறவைத்து அளந்தீங்களா என்று மட்டும் கேட்டாளாம். அவன் இல்லைக்கா என்று சொல்லிவிட்டான். முதலாளி அதன் பிறகு பாதியைப் பற்றிப் பேசவில்லை. ஸ்லீவ், பிஸ்டன் அவர் செலவு, லேத் கூலி மட்டும் இவர்கள் கொடுப்பது என்று முடிந்தது. லேத் கூலியை இவளேதான் கொடுக்கிறேன் என்றாளாம், அந்தப் பையனுடைய சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று. டிசம்பர் இரண்டாம் வாரம் சிலிண்டர் வந்தது, கூடவே பில் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளில் மூன்று இடத்தில் எடுத்த அளவும் கையெழுத்தும். தாளின் தலையில் டீ குடித்த பையனின் பெயரை ‘திரு’ போட்டு எழுதியிருந்தார்கள்.

சனவரியில் செட்டிபாளையம் போய்ப் பார்த்தேன். சத்தச் சோதனையில் முதல்முறை தோற்று, சைலன்சரைப் பிரித்து ஏதோ திணித்து, இரண்டாம் முறை தேறினார்கள். கடைசி நாள் 22 கிலோமீட்டர் ஓட வேண்டிய நெடிய ஓட்டம். பாதியைத் தாண்டியிருக்கும்போது கார் திடீரென்று வேகம் இழந்து ஓரத்தில் நின்றது. எனக்கு அடிவயிற்றில் பகீரென்றது. ஆனால் என்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செயின் கழன்று கீழே கிடந்தது.

செயினை முடுக்கியது யார் என்று கேட்டேன். “நாந்தான் அத்தை,” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அதில் செயினுக்கென்று விட்டிருந்த பக்கத்தைத் தேடினாள். அந்தப் பக்கம் காலியாக இருந்தது.